கே99 விண்ணப்பத்திலிருந்து சொந்த ஆய்வகம் வரை: குடல் நோயெதிர்ப்பு ஆய்வில் நான் கடந்து வந்த வழி

அமெரிக்காவில் உயிரியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருப்பவர்கள் சொந்த ஆய்வகம் தொடங்குவதற்கு நாடும் வழிகளில் முக்கியமானது, என்ஐஎச் எனப்படும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கும் கே99/ஆர்00 நிதிநல்கை. முதல் கட்டமான கே99 ஓரிரு ஆண்டுகள் வழிகாட்டியின் ஆய்வகத்திலேயே நடக்கும். உதவிப் பேராசிரியர் பணி கிடைத்த பிறகு தொடங்கும் ஆர்00, ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை மூன்று ஆண்டுகளுக்கு நம்மோடு புதிய பல்கலைக்கழகத்துக்கு வரும். என்ஐஎச்சின் பல பயிற்சி நல்கைகளுக்குக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும், இதற்கு வேண்டாம். ஆனால் நான் விண்ணப்பித்தபோது, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. நம் ஊரிலிருந்து விசாவில் வந்து உழைக்கும் திறமையான பலர் இந்த விவரமே தெரியாமல் அந்தக் காலத்தைக் கடந்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் என் அனுபவத்தை விரிவாக எழுதுகிறேன்.

என் ஆய்வுப் பொருள் பெருங்குடலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு, அதாவது ஒரு கிருமியை முன்பின் சந்தித்திராமலே அதன் பொதுவான கூறுகளை அடையாளம் கண்டு செயல்படும் பாதுகாப்பு. பழ ஈயில் டோல் மரபணு பூஞ்சையை எதிர்க்க உதவுகிறது என்பது 1996இல் தெரிந்தது. பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருளைப் பாலூட்டிகள் உணர்வது டிஎல்ஆர்4 என்ற உணர்விப் புரதத்தின் வழியாகத்தான் என்பது 1998இல் உறுதியானது. 2001இல் நாட்2 மரபணு மாற்றங்களுக்கும் கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தபோது, இத்துறை குடல் நோய்க்குள் காலடி வைத்தது. மறு ஆண்டே ஆய்வாளர் யூர்க் ட்சோப்பின் குழு, அழற்சியைத் தூண்டும் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பை விவரித்தது. அப்படிப்பட்ட ஓர் உணர்வி இல்லாத எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் ஏன் அதிகம் வருகின்றன என்பதே என் கேள்வி. பெருங்குடல் புண் அழற்சியோடு நெடுங்காலம் வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால், இது எலியோடு முடிந்துபோகும் கேள்வி அல்ல.

இத்தகைய பொருளை எடுத்தவருக்கு முதல் சிக்கல், விண்ணப்பத்தை எங்கே அனுப்புவது என்பது. குடல் அழற்சி, என்ஐஎச்சின் உறுப்பான என்ஐடிடிகே என்ற நிறுவனத்தின் பொறுப்பு. புற்றுநோய், அதன் இன்னோர் உறுப்பான தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் (என்சிஐ) பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் திட்டத்தை இரு பக்கத்தாரும் பாராட்டிவிட்டு மற்றவரைக் கைகாட்டக்கூடும். நோக்கங்களைச் சொல்லும் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி இரு நிறுவனங்களின் திட்ட அலுவலர்களுக்கும் அனுப்பிப் பேசினேன். அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே என் திட்டத்தின் மையம் அழற்சிதான் என்பது தெளிவாயிற்று, என்ஐடிடிகேக்கு அனுப்பினேன். எழுதத் தொடங்குவதற்கு முன்பே இந்த உரையாடலை நடத்திவிட வேண்டும். பெரும்பாலான அலுவலர்கள் மனமுவந்து பேசுவார்கள்.

சோதனையைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. எலிக்கு அசாக்ஸிமெத்தேன் என்ற வேதிப்பொருளை ஒரு முறை ஊசியாகச் செலுத்திய பிறகு, டிஎஸ்எஸ் கலந்த குடிநீரைச் சுமார் ஒரு வாரமும் வெறும் நீரை இரண்டு வாரமும் மாற்றி மாற்றி மூன்று சுற்று கொடுப்போம். டிஎஸ்எஸ் குடலின் மேற்படலத்தை அரிக்கும். ஐந்தாம் நாள் அளவில் எடை குறையத் தொடங்கும். கழிவை அட்டையில் தடவிச் சொட்டு விட்டால் இரத்தம் இருப்பதைக் காட்டும் நீலம் படரும். இரண்டரை மாதத்துக்குப் பிறகு பெருங்குடலை நீளவாக்கில் திறந்து கழுவி, மலக்குடலை ஒட்டிய பகுதியில் திரண்டிருக்கும் கட்டிகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணி அளந்துவிட்டு, குடலை ஒரு குச்சியில் முறுக்குப் போலச் சுருட்டிப் பதப்படுத்துவோம். அப்போதுதான் முழு நீளத்தையும் ஒரே கண்ணாடித் தகட்டில் பார்க்க முடியும்.

முதல் விண்ணப்பம் தேறவில்லை. கே99இல் விண்ணப்பதாரர், வளர்ச்சித் திட்டம், ஆய்வுத் திட்டம், வழிகாட்டி, சூழல் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் தருவார்கள். 1 தான் சிறந்தது. மற்ற நான்கும் நன்றாக இருக்க, ஆய்வுத் திட்டம் மட்டும் கீழே இழுத்திருந்தது. மரபணு நீக்கிய எலிகளையும் இயல்பான எலிகளையும் நான்கு வாரம் ஒரே கூண்டில் வளர்த்த பிறகே நாங்கள் ஒப்பிட்டிருந்தோம். அது போதாது, ஒரே தாய் ஈன்ற குட்டிகளுக்குள் ஒப்பிட்டால்தான் வேறுபாடு மரபணுவால் வந்ததா, தாயிடமிருந்து பெற்ற குடல் பாக்டீரியாவால் வந்ததா என்று சொல்ல முடியும் என்று எழுதியிருந்தார் ஒரு மதிப்பீட்டாளர். அவர் கேட்டது முழுக்க நியாயம். என்எல்ஆர்பி6 என்ற உணர்வி குடல் பாக்டீரியாக் கூட்டத்தை வடிவமைக்கிறது என்று 2011இல் வந்த முடிவு துறையையே ஈர்த்தது. 2017இல் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒப்பிட்டவர்களுக்கு அந்த வேறுபாடு தென்படவில்லை.

எளிதாகத் தோன்றும் இந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை இனி விண்ணப்பிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீக்கப்பட்ட பெற்றோரை இணைத்தால், பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழ கால் பங்கே மரபணு முற்றிலும் இல்லாதவை. இன்னொரு கால் பங்கு இயல்பானவை. மீதிப் பாதி ஒப்பீட்டுக்குப் பயன்படாது. சினைக்காலம் மூன்று வாரம், வளர்ச்சிக்கு இரண்டு மாதம், பிறகு சோதனைக்கு இரண்டரை மாதம். மறு விண்ணப்பத்துக்கான காலக்கெடுவும் நான்கு ஆண்டு வரம்பும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்ற அந்த மாதங்களே இந்தப் பாதையில் எனக்கு மிகக் கடினமானவை.

முடிவு வந்தபோது, அழற்சியின் தீவிரத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. கட்டிகளின் எண்ணிக்கையில் மட்டும் தெளிவாக இருந்தது. பழைய கருதுகோளின் பாதி போய்விட்டது. ஆனால் எஞ்சியது அதைவிட நல்ல கேள்வி: இந்த உணர்வி அழற்சியை அடக்குவதற்கு அப்பால், மேற்படலச் செல்கள் பெருகுவதை நேரடியாகத் தடுக்கிறதா? ஏஐஎம்2 என்ற மற்றோர் உணர்வி இன்ஃப்ளமசோமைச் சாராமல், ஏகேடி என்ற சமிக்ஞைப் பாதையைக் கட்டுப்படுத்திப் பெருங்குடல் கட்டிகளைத் தடுக்கிறது என்று 2015இலேயே காட்டப்பட்டிருந்ததால் கேள்விக்கு வலு இருந்தது. மறு விண்ணப்பத்தின் ஒரு பக்க முன்னுரையில் எதிர்வாதம் எதுவும் செய்யாமல், புதிய முடிவையும் அதனால் மாறிய கேள்வியையும் மட்டும் எழுதினேன். நல்கை கிடைத்தது.

வேலை தேடும் படலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருத்தரங்க உரையைவிடச் சாக் டாக்கில்தான் தேர்வு நடக்கிறது. படங்கள் இல்லாமல் பலகையின் முன் நின்று அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைச் சொல்லும்போது, "இதில் உங்கள் வழிகாட்டி செய்யாதது எது?" என்று நிச்சயம் கேட்பார்கள். எந்தப் பகுதியை நான் எடுத்துச் செல்லலாம் என்று கே99 விண்ணப்பத்திலேயே என் வழிகாட்டி எழுத்தில் தந்திருந்ததால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

பணி ஆணையைப் பெறும் முன் கேட்க வேண்டியவற்றுள், தொடக்க நிதிக்கு நிகராக நான் கருதுவது எலிகளின் இடமாற்றம். நோய்க்கிருமி புகுந்துவிடாமலிருக்கப் பல வளாகங்கள் கருவை மட்டும் பெற்று வேறு தாயிடம் வளர்க்கும். பிறக்கும் குட்டிகள் அந்தத் தாயின் பாக்டீரியாவையே பெறும். ஒரே மரபு வகை எலிகளாக இருந்தும், இழை வடிவப் பாக்டீரியா ஒன்று, எலி விற்கும் ஒரு நிறுவனத்தின் எலிகளில் காணப்பட்டு, இன்னொரு நிறுவனத்தின் எலிகளில் இல்லாததால் குடலின் டிஎச்17 என்ற நோயெதிர்ப்புச் செல்களே வேறுபடுகின்றன என்பது 2009இல் நிறுவப்பட்டது. ஆகவே பழைய வளாகத்து எலிகளின் கழிவுகளைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து எடுத்துச் செல்லவும், புதிய வளாகத்தில் அவற்றைப் பரிசோதித்த பிறகு எலிகளுக்குக் கொடுக்கவும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றேன். கூண்டுக் கட்டணத்தை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் துறையே ஏற்க வேண்டும் என்றும் கேட்டேன்; ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை மட்டும் பயன்படுத்தும் ஆய்வகத்துக்குக் கூண்டுகள் வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும் என்பதால், அந்தச் சலுகைதான் ஆர்00 பணத்தை ஆட்களுக்கும் சோதனைகளுக்கும் மிச்சப்படுத்திக் கொடுத்தது.