512 யூனிட்

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

கரண்ட் ரீடிங் எடுப்பவர் காலையில் வந்து வெள்ளை அட்டையில் குறித்துவிட்டுப் போனார். 512 யூனிட். போன தடவை 496. பதினாறுதானே கூடியிருக்கிறது, மிஞ்சிப்போனால் நூறு ரூபாய் ஏறும் என்று நினைத்தேன். முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஏறியிருக்கிறது!

தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் இருக்கும்வரை அடுத்த நூறுக்கு யூனிட் இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான். 500ஐத் தாண்டிவிட்டால் அதே நூறுக்கு ஐந்து ரூபாயை ஒட்டி வருகிறது. தாண்டிய 12 யூனிட்டோடு விஷயம் முடிவதில்லை. பின்னால் போய் 101ஆவது யூனிட்டிலிருந்தே விலையை மாற்றிவிடுகிறார்கள்.

ஆக அந்தப் பதினாறு யூனிட்டும் எனக்கு ஒவ்வொன்றும் இருபது ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. வாசல் லைட்டை அணைக்காமல் தூங்கிப்போன ராத்திரிகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. ஆடித் தள்ளுபடி முடியப் போகிறது என்பதால் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஃபேன் பார்க்கப் போனோம். சாதாரணமானது 1,700, கரண்ட் கம்மியாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 3,000. கடைப் பையன் ரிமோட்டைப் பற்றியும் கலரைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினான். எத்தனை வாட் என்று கேட்டதும் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினான். ஃபேனுக்கு, கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிள் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஆனாலும் யாரும் அதைப் பார்த்து வாங்குவதாகத் தெரியவில்லை.

“ஏங்க, ஒரு ஃபேனுக்கு மூவாயிரமா?” என்றாள் மனைவி.

பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா அறையில் இருப்பது 75 வாட், இது 28. மிச்சம் 47. ஒரு நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள்: 42 யூனிட். நம்மை 500 கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துவர அது போதும். ஒன்று வாங்கினோம். எல்லா அறைக்கும் வாங்கிவிடலாமே என்று பையன் விடவில்லை. முன்னறை ஃபேன் விருந்தாளி வந்தால்தான் சுற்றும். அங்கே மாட்டினால் போட்ட காசு திரும்புவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹால் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுகிற மாதிரி ஓடியது. எலக்ட்ரீஷியன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே, “காயில் போச்சு சார், புதுசு வாங்கிருங்க” என்றார். எதிர்வீட்டுத் தாத்தா மில்லில் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். “தம்பி, முதல்ல கண்டென்சரை மாத்திப் பாரு. காயில் போயிருந்தா கருகின வாடை வரும்” என்றார்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஏணியில் ஏறினேன். மேல் கிண்ணத்தை இறக்கினால் உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா, அதுதான் கண்டென்சர். மேலே 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுத்து, பக்கவாட்டில் லேசாகத் தொப்பை போட்டிருந்தது. அதைக் கையிலேயே எடுத்துப்போய்க் கடையில் காட்டினேன். 40 ரூபாய்.

மாட்டி, சுவிட்சைப் போட்டோம். ஜோராகச் சுற்றியது. காற்றுதான் வரவில்லை. ஏணியைப் பிடித்திருந்தவள் சிரித்துவிட்டு, “ஏங்க, அது பின்பக்கமா சுத்துது” என்றாள். ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி மெயின், மறுபடி ஏணி. இரண்டாவது தடவை காற்று வந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகு வேறு யோசனை. 40 ரூபாயில் பிழைக்க வைத்த அந்த 75 வாட்டுக்காரன், பிழைத்துக்கொண்டதாலேயே இன்னும் பல வருஷம் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான். செத்திருந்தால் நல்ல ஃபேன் வந்திருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாக்கெட் மாவு கிலோ 45 ரூபாய். வீட்டில் அரைத்தால் கிலோவுக்கு முப்பதுக்குள் அடங்குகிறது. கிரைண்டர் இழுக்கும் கரண்ட் கணக்கிலேயே வராது. வாரம் மூன்று கிலோ, ஐம்பது ரூபாய் மிச்சம் என்று சொன்னேன். “ஊற வைக்கிறது, கிரைண்டர் கழுவுறது எல்லாம் யாரு கணக்கு?” என்றாள். இன்று கல்லைத் தூக்கிக் கழுவியது நான். அடுத்த வாரம் பாக்கெட் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேற்றிலிருந்து ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. பெரிய டிவிக்கு 28 சதவீதம் 18 ஆகிவிட்டதாம். ஆபீஸில் நல்லா ஓடிக்கொண்டிருக்கும் டிவியைத் தள்ளிவிட்டு ஒருவர் புதுசு வாங்கிவிட்டார். ஃபேனுக்கு முன்பும் 18, இப்போதும் 18. அவசரப்பட்டு ஆடியிலேயே வாங்கிவிட்டோமோ என்று அரித்துக்கொண்டிருந்த மனசு அடங்கியது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பையனின் சைக்கிள், அவளுடைய தையல் மெஷின், அரிவாள்மணை. இந்த வருஷம் என் பங்குக்கு டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் பொட்டு வைத்துக்கொண்டன.

அக்டோபர் 10, வெள்ளி

483.

512ல் 42 போனால் 470 வர வேண்டும். மிச்சம் 13 எங்கே போனது? ஃபிரிட்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அம்மா அறைக்குள் போனேன். அம்மா வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆளில்லாத கட்டிலுக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ரிமோட் தலையணைக்கு அடியில்.

“ஏம்மா, ஆள் இல்லாதப்ப நிறுத்தலாம்ல?”

“நீதானேடா கரண்ட் கம்மியா இழுக்குதுன்ன? அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?”

28 வாட், கூடுதலாக எட்டு மணி நேரம், 60 நாள். போட்டுப் பார்த்தேன். 13.44.

500க்கு இன்னும் 17 யூனிட் இருக்கிறது. ஓடட்டும்.