குணா படமும் எங்க வீட்டு சண்டையும்

போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல கமல் நடிச்ச குணா படம் போட்டோம். படம் முடிஞ்சு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் முடியல, சோறு போடறப்ப, துணி காயப்போடறப்பன்னு எங்கயாச்சும் மறுபடி கெளம்பிடுது.

போடச் சொன்னதே பக்கத்து வீட்டு சேச்சியோட பையன்தான். 2024ல மஞ்ஞும்மல் பாய்ஸ்னு மலையாளப் படம் வந்ததுல இருந்து அவனுக்கு அதுல வர்ற குணாவோட கண்மணி பாட்டு மனப்பாடம். நான் அந்த படத்த பாலக்காட்டு தியேட்டர்ல பாத்தேன், கடைசியில அந்த பாட்டு வந்தப்ப சுத்தி இருந்த மலையாளிப் பசங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு தமிழ்ல பாடினாங்க. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசற கொழிஞ்சாம்பாறைக்காரிக்கு அத பாக்க எவ்ளோ பெருமையா இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்கோங்க, பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, அந்த காலமெல்லாம் தாண்டி வந்தவங்க நாங்க. ஆனா அங்க அது குகைக் குழிக்குள்ள விழுந்த கூட்டுக்காரன மேல தூக்கற பாட்டு. குணாவுல அதே குகைக்குள்ள, கடத்திட்டு வந்த பொண்ணுகிட்ட ஒருத்தன் லெட்டர் சொல்லச் சொல்ல அவ எழுதற பாட்டு. அந்த பையனுக்கு இது தெரியவே தெரியாது. படம் ஓட ஓட அவன் மொகம் மாறிட்டே வந்துச்சு.

குணா வந்தது 1991 தீபாவளிக்கு, அன்னிக்கே தளபதியும் வந்துச்சு. எங்க ஊர்க்காரங்க எல்லாம் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய் தளபதி பாத்துட்டு வந்தாங்க, குணாவ பாத்தவங்க "என்னமோ பைத்தியக்காரன் கதை"ன்னுட்டாங்க. நான் பாத்தது கொஞ்ச வருஷம் கழிச்சு, வாடகை டெக்குல. அன்னிக்கு அழுதேன் பாருங்க அப்படி ஒரு அழுகை, கடத்திட்டு வந்த பொண்ணத்தான் சாமி அபிராமின்னு நம்பி, அபிராமி அபிராமின்னு அவன் உருகறத பாத்து இப்படி ஒருத்தன் நம்ம மேல உசுரா இருந்தா போதும்னு நெனச்சேன். எனக்கு அப்ப பதினஞ்சு பதினாறு வயசு.

இந்த தடவையும் அம்மா அழுதாங்க. குணா மலை உச்சியில அவள தூக்கிட்டு குதிக்கறப்ப முந்தானைய வாயில வச்சுகிட்டு, "பாவம் சாமி, பெத்தவ செஞ்ச பாவத்துக்கு அந்த புள்ள என்ன பண்ணும்"ன்னாங்க. எம்பொண்ணு கோயமுத்தூர்ல சட்டம் படிக்கறா, அவ விடல. "அம்மாயி, அவ செத்துட்டா, நீங்க அவனுக்கு அழறீங்க. கோயிலுக்கு வந்த பொண்ண தூக்கிட்டு போய் மலையில அடைச்சு வச்சவன் அவன். அவ பேரு ரோகிணி, அவன் ஒரு தடவையாச்சும் அந்த பேர சொல்லி கூப்பிட்டானா?"ன்னு கேட்டா.

எனக்கு சுருக்குன்னு குத்துச்சு. இத்தன வருஷத்துல எனக்கும் அவ அபிராமிதான், ரோகிணிங்கறது ஞாபகத்துலயே இல்ல. நடிச்ச ரோஷினியும் அந்த ஒரே படத்தோட சரி, அப்பறம் வேற எந்த படத்துலயும் வரல.

கஞ்சிக்கோட்டுல இருந்து வந்திருந்த எஞ்சித்தி மக நர்ஸா இருக்கா, அவளுக்கு வேற கோவம். "மனசு சரியில்லாதவன்னா இப்படித்தான் எவளையாச்சும் தூக்கிட்டு போவான்னு சினிமாவுல காட்டி காட்டியே எங்க வார்டுக்கு வர்றவங்கள வீட்டாளுங்களே பயந்து பாக்கறாங்கக்கா, அவங்கள்ல முக்காவாசிப் பேரு ஒரு ஈய கூட அடிக்க மாட்டாங்க"ன்னா. அதுவும் நெசந்தான்.

என் கணக்கு இதுதான். படம் மோசமில்ல, இன்னிக்கு வர்ற சைக்கோ படங்கள விட நூறு மடங்கு நேர்மையான படம். சாப் ஜான் திரைக்கதை, வேணு கேமரா, ரெண்டு பேருமே கேரளாக்காரங்க. வேணுதான் ரெண்டு வருஷம் கழிச்சு மணிச்சித்ரதாழும் புடிச்சாரு, அந்த குகைக்குள்ள வெளிச்சம் வந்து விழற விதத்த பாத்தா புரியும். ரோகிணி ஆரம்பத்துல கத்தறா, திட்டறா, தப்பிக்கப் பாக்கறா, அதையெல்லாம் படம் மறைக்கல. சுத்தி இருக்கறவங்க சொத்துக்காக அவள வச்சிருக்கறதயும் காட்டறாங்க, அதனாலதான் அவ மனசு மாறறது நம்பற மாதிரி இருக்கு. எனக்கு ஒத்துக்காதது அங்கதான். அடைச்சு வச்சவன் மேல கடைசியில அன்பு வந்துரும், பொறுத்துப் பாத்தா பொண்ணு எறங்கி வருவாங்கறத எத்தன படம் எத்தன பசங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கு. ரோகிணிக்கு நடந்தது அவ கதை, ஆனா அத பாத்துட்டு வெளிய வந்தவன் எடுத்துட்டு போனது அந்த ஒரு விஷயத்ததான்.

அதுல ஒருத்தன் எங்க ஊர்லயும் இருந்தான். 1997, நான் டிகிரி படிக்க தெனமும் பாலக்காட்டுக்கு பஸ் ஏறுவேன். காலைல போறப்ப நிப்பான், சாயந்தரம் எறங்கறப்பயும் நிப்பான், ஒரு வார்த்த பேச மாட்டான், பாப்பான் அவ்ளோதான். பஸ் ஸ்டாப்பு திண்ணைக்கு புதுசா சிமெண்ட் பூசினாங்க, ஈரம் காயறதுக்குள்ள ஆணியால எம்பேர கீறி வச்சுட்டான். முழுப் பேரு, இனிஷியலோட. நான் தெனமும் அது மேல பைய வச்சு மறைச்சுட்டு நிப்பேன். பெரியம்மாகிட்ட சொன்னதுக்கு "பாவம், நல்ல பையந்தான், உம்மேல உசுரா இருக்கான்"னாங்க. போலீசுக்கு போறதெல்லாம் யாருக்கும் தோணவே இல்ல. பொண்ணு பின்னாடி சுத்தறத தனிக் குத்தமா சட்டத்துல எழுதினதே 2013லதான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 354டி, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாங்கற புது சட்டத்துல 78ஆவது பிரிவு, மொத தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு எம்பொண்ணு சொன்னா.

ஒருநா காலைல போய் பாத்தா எம்பேர காணோம், அந்த எடம் பூசி இருந்துச்சு. பஞ்சாயத்துல பண்ணிருப்பாங்கன்னு நெனச்சேன். அவனும் கொஞ்ச நாள்ல திருப்பூருக்கு வேலைக்கு போயிட்டான்.

இத நான் சொல்லி முடிச்சப்ப யாரும் பேசல. அம்மா மட்டும் மூக்க தொடச்சுட்டு, "உங்கப்பாதான் கண்ணு பூசினாரு. ரெண்டு கிலோ சிமெண்ட வேலந்தாவளத்துல வாங்கி சைக்கிள்ல வச்சு கொண்டு வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்ச நான் புடிச்சேன், அவரு பூசினாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு, புள்ள காலேஜ் போக பயந்துக்கும்னு"ன்னாங்க.

அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. நேத்து அந்த ஸ்டாப்புல எறங்கி திண்ணைய குனிஞ்சு பாத்தேன். அந்த எடம் மட்டும் கொஞ்சம் மேடா, வேற நெறத்துல இருக்கு, ஓரத்துல நாலு விரல் பதிஞ்சிருக்கு.