மூன்றில் ஒரு பங்கு போதாது

போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. ஆழத்தில் கிடக்கும் கப்பல்களுக்கு இறங்கும் டைவர்கள் எல்லோருக்கும் இந்த வாயுக் கணக்கு மனப்பாடம். நீருக்கடிக் குகைகளில் பிறந்த விதி அது. 60 மீட்டரில் அதை அப்படியே நம்பினால் உதைக்கும்.

போட்டுப் பார்க்கலாம். முதுகில் இரட்டை 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தத்தில்: மொத்தம் 4800 லிட்டர், மூன்றில் ஒரு பங்கு 1600. 60 மீட்டரில் அழுத்தம் 7 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 140 லிட்டர் இழுப்பார். கூட வந்தவருக்கு வாயு நின்றுவிட்டது, இருவரும் ஒருவருடைய வாயுவிலேயே ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். கீழே நிலைமையைச் சமாளிக்க 2 நிமிடம் ஆனால் 840 லிட்டர். அங்கிருந்து, பக்கவாட்டில் தொங்கும் அடுத்த சிலிண்டருக்கு மாறக்கூடிய 21 மீட்டர் வரை, நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம், நாலரை நிமிடம்: சுமார் 1350 லிட்டர். ஆக 2190. சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜ் 95 பாரைத் தொடும்போது ஏறத் தொடங்கியாக வேண்டும். இறங்கும்போது செலவானது போக, அடியில் 16 நிமிடம்தான் மிஞ்சும்.

அதுவும் ஏறுகயிற்றின் பக்கத்திலேயே நிற்பவருக்கு. கப்பலுக்குள் 5 நிமிடத் தூரம் போய்விட்டால், அதே இருவர் வெளியே வர மட்டும் இன்னும் 2100 லிட்டர். இரட்டை 12-இல் அதற்கு இடமே இல்லை. ரீப்ரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி, போட்டவர்கள் சிரிக்க வேண்டாம். அது பழுதானால் மாறிக்கொள்ளும் பெயில்அவுட் சிலிண்டருக்கும் இதே கணக்குதான். கரியமில வாயு ஏறிய நிலையில் மாறுகிறவர் 30 லிட்டரோடு நிற்கவும் மாட்டார்.

அடியில் சுவாசிப்பது பெரும்பாலும் 18/45 ட்ரைமிக்ஸ்: ஆக்சிஜன் 18 சதவீதம், ஹீலியம் 45, மிச்சம் நைட்ரஜன். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையைக் குறைக்கத்தான் ஹீலியம் என்பார்கள். அது பாதி உண்மை. சாதாரணக் காற்று 60 மீட்டரில் லிட்டருக்கு 9 கிராம் கனம். 5.2-க்குள் வைப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பது இன்றைய பரிந்துரை. கனமான வாயுவை நெஞ்சால் முழுதாக வெளியே தள்ள முடியாது. கரியமில வாயு உள்ளே தேங்கும். 18/45 அதே ஆழத்தில் 5.6.

பக்கவாட்டில் இரண்டு சிலிண்டர்: 21 மீட்டருக்கு 50 சதவீத நைட்ராக்ஸ் (பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன்), 6 மீட்டருக்குச் சுத்த ஆக்சிஜன். இவற்றை மாற்றி வாயில் வைப்பதுதான் இந்தத் தொழிலின் மிக மோசமான தவறு. 21 மீட்டரில் ஆக்சிஜனை இழுத்தால் அதன் பகுதி அழுத்தம் 3.1 பார், ஏற்கத்தக்க உச்சம் 1.6. பல நேரம் முன்னறிகுறியே இல்லாமல் வலிப்பு வரும், மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும். அதனால் மாற்றும் முறையில் குறுக்குவழி கிடையாது. ஆழத்தைப் பார். சிலிண்டரில் பெரிதாக ஒட்டிய எண்ணைப் படி. வால்வைத் திற. அந்த வால்விலிருந்து ஹோஸை விரலால் தடவிக்கொண்டே வாய்முனை வரை வா. கூட்டாளி எண்ணைப் பார்த்துத் தலையசைத்த பிறகே மாற்று. கிழிந்த ஸ்டிக்கரோடு படகில் ஏறும் சிலிண்டரை அங்கேயே இறக்கி வைத்துவிடுவது உத்தமம்.

திரும்பும் வழியைக் காட்டும் வழிநூல் இல்லாமல் கப்பலுக்குள் நுழைவதில்லை. முதல் கட்டு வெளியே, திறந்த நீரில். இரண்டாவது வாசலைத் தாண்டியதும். கட்டும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், துருப்பிடித்த தகட்டின் விளிம்பு நைலானைக் கத்திபோல் அறுக்கும். நூல் தொய்ந்தால் ஆள் நுழைய முடியாத இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் தெரியும்போது அது அற்ப விஷயம், வண்டல் கிளம்பிய பிறகு கை மட்டும் போகும், உடம்பு போகாது. காலில் மாட்டிய துடுப்பை அசைக்காவிட்டாலும் வண்டல் வரும்: விட்ட மூச்சுக் குமிழிகள் மேல்தகட்டில் மோதித் துருவை உதிர்க்கும். கப்பலின் பழைய வரைபடத்தையும் ரொம்ப நம்பக் கூடாது. 1956-இல் மூழ்கிய இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆண்ட்ரியா டோரியா வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் கப்பலில் குறுக்கு நடைவழி செங்குத்துக் கிணறு, கதவு தரையில் ஒரு ஓட்டை. அதன் மேல்தளங்கள் இடிந்து சரிந்தும் விட்டன.

நீரோட்டம் அடங்கும் நேரம் முடிந்துவிட்டது, ஏறுகயிறு கண்ணில் படவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. தேடும் ஒவ்வொரு நிமிடமும் டீகோவை, அதாவது உடம்பில் கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் நின்று நின்று போக வேண்டிய நேரத்தை, நீட்டும். நூல் சுற்றிய ரீலில் மிதவைப்பையைக் கட்டி மேலே விட்டு, அதன் கீழேயே ஓட்டத்தோடு போய்க்கொண்டு டீகோவை முடிக்க வேண்டியதுதான். படகு பின்தொடரும். பை கிளம்பும்போது ரீல் சிக்கினால் கையை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தால் பை ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். விட்ட ரீல் போனது போனதுதான். தொடைப் பையில் இரண்டாவது ரீலும் இரண்டாவது மிதவையும் வைத்திருப்பது அதற்காகத்தான்.