பாதியில் நின்ற விண்டோஸ், போர்ட் மேல் விழுந்த பழி

விண்டோஸ் அடிக்கும்போது, அதாவது புதிதாக நிறுவும்போது, ஒரே சதவீதத்தில் மணிக்கணக்காக நின்றால், தயவுசெய்து அதையே திரும்பத் திரும்ப அடிக்க விடாதீர்கள். வீட்டில் செய்தாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அது படிக்கிற பென் டிரைவ், இல்லையென்றால் அது எழுதுகிற ஹார்ட் டிஸ்க். அதைப் பார்க்காமல் மறுபடி மறுபடி அடித்தால் டிஸ்கில் மிச்சம் இருக்கிற கோப்புகளும் அழிந்துகொண்டே போகும். என் லெப்டொப்பில் அதுதான் நடந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பிள்ளைகளுக்காகப் பல வருடமாக நானே தட்டச்சு செய்து சேர்த்த மாதிரி வினாத்தாள்கள் அந்த லெப்டொப்பின் டி டிரைவில் இருந்தன. ஏற்கெனவே அது திறப்பதற்கே கால் மணி நேரம் எடுத்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் சுத்தமாக ஒரு தடவை அடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

இதற்காகவே 64 ஜிபி பென் இரண்டு வாங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மேசை போட்டு விற்றவரிடம் வாங்கியவை. ஒன்றில் வினாத்தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்தேன். மற்றதில் விண்டோஸ் கோப்பை இரவு டேட்டாவில் இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து ஏற்றினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. அடிக்கத் தொடங்கி, கோப்புகளைப் பிரதி எடுக்கும் கட்டத்தில்தான் நின்றது. தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை, கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம் என்று ஒரு செய்தி. பிழை எண் 80070570 என்று முடிந்தது. சி டிரைவ் காலி. டி டிரைவ் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். "டி-யில பிள்ளைங்களோட பேப்பர் இருக்கு, அதுல கை வைக்க வேண்டாம்" என்று வாயால் சொன்னேன், ஒரு துண்டிலும் எழுதி லெப்டொப்பின் மேலே ஒட்டினேன். "சரி டீச்சர்" என்றார்கள். பிறகு போனபோதெல்லாம் "ஓடிக்கிட்டு இருக்கு டீச்சர், கொஞ்சம் ஸ்லோ" என்ற பதில்தான். கடைசியில், "மதர்போர்ட் போயிருச்சு டீச்சர். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் இப்படித்தான் போகும். புதுசு ஒன்னு எடுத்திருங்க" என்றார்கள். பார்த்த கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். டி டிரைவ் எங்கே என்று கேட்டேன். அடிக்கும்போது நின்று நின்று போனதால் சி, டி என்று டிஸ்கைப் பிரித்திருந்த எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்த்தார்களாம். நான் ஒட்டிய துண்டு லெப்டொப்பின் மேலேயே இருந்தது.

பிரதி எடுத்த பென் இருக்கிறதே என்று ஒரு தைரியத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதில் எல்லாக் கோப்பின் பெயரும் தெரிந்தது. முதலில் போட்ட கொஞ்சம் மட்டும் திறந்தது. மற்றது எதுவும் திறக்கவில்லை.

என் சித்தி மகன் கொழும்பில் நெட்வேர்க் வேலை செய்கிறான். தீபாவளிக்குத் தலவாக்கலை வந்திருந்தவனை அப்படியே வரச் சொன்னேன். அவன் போர்டைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் அந்த இரண்டு பென்னையும் கேட்டான். விண்டோஸ் ஏற்றியிருந்த பென்னில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருளை ஓட்டினான். பென் நிறையும் வரை தரவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கிற மென்பொருள் அது. 64 என்று அச்சடித்த பென்னில் உண்மையில் இருந்தது 4 ஜிபிக்குக் கிட்ட. பென்னுக்குள் இருக்கிற சிப்பையே 64 என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். நிறைந்த பிறகும் "எழுதியாயிற்று" என்றே கணினிக்குச் சொல்லும், ஆனால் எதுவும் அங்கே இருக்காது. விண்டோஸ் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். அதன் வால் பகுதி எங்குமே எழுதப்படவில்லை. 80070570 வந்த காரணம் விளங்கியது. என் பிரதிகள் திறக்காத காரணமும் அதுதான்.

புதுப் பென் வாங்கினால், எவ்வளவு பெரிய கடையில் வாங்கினாலும், முதல் வேலையாக இந்தச் சோதனையை ஓட்டுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று உண்டு. ரூஃபஸிலேயே பழுதான பகுதிகளைத் தேடும் தெரிவு ஒன்று இருக்கிறது, போலிப் பென்னை அதுவும் பிடித்துவிடும். இறக்கிய கோப்பையும் சும்மா நம்பாதீர்கள். தோட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகும், இறக்கம் பாதியில் அறுந்து தொடரும். தளத்தில் கொடுத்திருக்கிற எஸ்எச்ஏ-256 எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி அது) உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும், விண்டோஸிலேயே இருக்கிற பவர்ஷெல்லில் ஒரே ஒரு கட்டளை.

ஆனால் கடையில் அவர்கள் பயன்படுத்தியது அவர்களுடைய பென். அங்கே ஏன் நின்றது? எல்லாரும் வழி தவறுகிற இடம் இது. ஒரே அறிகுறிக்கு இரண்டு தனித்தனிப் பழுதுகள் இருக்கலாம். பென்னை மாற்றியும் சரிவரவில்லையே, அப்படியென்றால் போர்ட்தான் என்று தாவிவிடுகிறார்கள்.

தம்பி தன் பென்னில் லினக்ஸ் மின்ட் கொண்டுவந்திருந்தான். டிஸ்கில் எதையும் நிறுவாமல், பென்னிலிருந்தே அதை ஓட்டலாம். ஓட்டி, அதில் இருக்கிற டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தைக் காட்டினான். எல்லா டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டு வரி. பழுதாகி வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க் தரவை வைக்கிற சிறு துண்டுகள்) ஒன்று, படிக்க முடியாமல் காத்திருக்கிற செக்டர்கள் மற்றது. இரண்டும் பூச்சியமாக இருந்தால் நல்லது. என்னுடையதில் இரண்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தன. டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் விடாமல் முயற்சி செய்யும்போது விண்டோஸ் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். திரையில் சதவீதம் அசையாது, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும். விண்டோஸ் உள்ளவர்கள் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வைத்து இதே விவரத்தைப் பார்க்கலாம். கடையில் பார்க்கக் கேட்டால் ஐந்து நிமிட வேலைகூட இல்லை. கூலி வாங்கியவர்கள் அதைச் செய்யவில்லை.

அப்புறம் அவன் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு மின்டைப் பென்னிலிருந்து மறுபடி ஓட்டினான். லெப்டொப் சுறுசுறுப்பாக ஓடியது. இரவு முழுவதும் மெம்டெஸ்ட் போட்டு ரேமைச் சோதித்தோம், ஒரு பிழையும் இல்லை. "போர்ட் போயிருந்தா இது இப்படி ஓடுமா அக்கா?" என்றான்.

குளிர்தான் காரணம் என்ற கதையையும் சொல்ல வேண்டும். மலையில் இருப்பவர்களிடம் எல்லாப் பழுதுக்கும் இந்தக் காரணம்தான் சொல்லப்படுகிறது. வழக்கமான ஹார்ட் டிஸ்குகளைச் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படிதான் செய்கிறார்கள். நுவரெலியாவே 1,868 மீட்டர்தான், நாங்கள் அதற்கும் கீழே. குளிரான இடத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் ஈரம் படியாமல் இருக்கச் சற்று நேரம் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது, அவ்வளவுதான். இங்கே உண்மையான எதிரி மின்சாரம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி மின்னல் தொடங்கினால் கரண்ட் வந்து வந்து போகும். பற்றரி செத்த லெப்டொப்பிலோ யூபிஎஸ் இல்லாத கணினியிலோ அந்த நேரத்தில் விண்டோஸ் அடிக்கத் தொடங்காதீர்கள். கணினியைத் தொடக்கி வைக்கிற பயோஸ் மென்பொருளின் அப்டேட் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். காலையில் வானம் தெளிவாக இருக்கும்போது செய்யுங்கள்.

வினாத்தாள்களுக்கு வருகிறேன். பழுதான டிஸ்கில் நேரடியாக மீட்பு வேலை செய்யக்கூடாது. தம்பி டிடிரெஸ்கியூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் தன் வெளி டிஸ்குக்குப் பிரதி எடுத்தான். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பி வரும். பிறகு அந்தப் பிரதியில், அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக்கை ஓட்டினான். பெரும்பாலான வினாத்தாள்கள் கிடைத்தன! பெயர் எதுவும் இல்லை, எல்லாம் வெறும் எண்களாக வந்தன, ஆனால் திறந்தன. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால்தான் இது முடிந்தது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டியாக இருந்து இப்படி அழித்திருந்தால், அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும், திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அடிக்கக் கொடுக்கும் யாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் பழைய டிஸ்க் இருந்த இடத்தில் பூட்டினோம். புது லெப்டொப்பின் விலையோடு பார்த்தால் அது சிறிய செலவுதான். விண்டோஸ் 11 போட முடியவில்லை. என்னுடையது ஆறாம் தலைமுறை இன்டெல், ஏழாம் தலைமுறையில் ஓரிரண்டைத் தவிர எட்டுக்கு முந்தியவற்றை அது ஏற்பதில்லை. கட்டுப்பாட்டைத் தாண்டி ஏற்றும் வழிகள் உண்டு என்றாலும், அப்படி ஏற்றினால் அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் மின்ட் 22 போட்டோம், அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. கால் மணி நேரத்தில் முடிந்தது.

அந்தக் கால் மணி நேரத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு: நிறுவும்போது இணையத்தைத் துண்டித்து வைத்திருந்தோம். இணைப்பு இருந்தால் மொழிக் கோப்புகளை இறக்கத் தொடங்கும், எங்கள் சிக்னலில் அது முடியவே முடியாது. மாட்டிக்கொண்டால் ஸ்கிப் பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் 11-உம் அப்டேட் தேடுகிறேன் என்று இதேபோல நிற்கும். அப்டேட்டை எல்லாம் பிறகு இரவு டேட்டாவில் செய்துகொள்ளலாம். வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், மின்ட் உடனே பிடித்துக்கொள்கிறது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவியைச் சேர்த்தால் நம் ரெங்கநாதன் விசைப்பலகை அப்படியே கிடைக்கிறது.

எண்களாக வந்த கோப்புகளைத் திறந்து பெயர் வைக்கும் வேலை இன்னும் நடக்கிறது. சோதித்துப் பார்த்த இரண்டு பென்களில் பிரதி எடுத்துவிட்டேன், ஒன்று பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: துண்டு ஒட்டுவது போதாது. "தரவு அழிக்கக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெறும் லெப்டொப்பைக் கொடுங்கள்.