மூன்று வெளிர்நீலக் கற்களும் ஒரு பருத்தி நூலும்

மூன்று வாரங்களாக எனக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒப்படர்த்திக் கணக்கு (கல்லின் எடையை, நீரில் அமிழும்போது அது விலக்கும் நீரின் எடையால் வகுத்து, அது என்ன கல் என்று அறிவது), சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஒருவழியாகப் படிந்தது. தங்கையின் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தோடு செய்து கொடுப்பதற்காக, காங்கேயம் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் அக்வாமரின் என்ற பெயரில் மூன்று வெளிர்நீலக் கற்கள் வாங்கியிருந்தேன். மூன்றும் ஓவல் வெட்டு. வெயிலில் பிடித்தால் மூன்றும் ஒரே நிறம். அவற்றில் இரண்டு அக்வாமரின், ஒன்று டோபாஸ் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

உறுதி கிடைக்காமல் இழுத்தடித்ததற்கு முதற்காரணம் தராசு. என்னிடம் முன்பிருந்தது 0.01 கிராம் வரை காட்டும் தராசு. இரண்டு காரட் கல் என்பது 0.4 கிராம், அது விலக்கும் நீரோ 0.15 கிராம் அளவுதான். அதில் 0.01 முன்னே பின்னே ஆனால் விடை 2.50 முதல் 2.86 வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். ஸ்படிகமும் அக்வாமரினும் அந்த ஒரே இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே 0.001 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கினேன். அது 50 கிராமுக்கு மேல் தாங்காது என்பதால், மருந்துப் புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் நீர் ஊற்றி, தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தனியாக நிறுத்திய கம்பியிலிருந்து கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் இறக்கினேன். இந்த முறையில் தராசு காட்டுவதே விலக்கப்பட்ட நீரின் எடை என்பதால், கழித்தல் வேலை மிச்சமாகிறது.

இவ்வளவு செய்தும் முதல் கல்லுக்கு 2.54, அடுத்த முறை 2.61, அதற்கடுத்த முறை 2.57 என்று வந்தது. 2.5 என்பது சாதாரணக் கண்ணாடியின் இடம். வியாபாரி கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டார் என்று இரண்டு நாட்கள் மனத்துக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான், தெரிந்த ஒரு பொருளை வைத்துத் தராசையே சோதிக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. அம்மாவின் பழைய ஸ்படிக மாலையிலிருந்து உதிர்ந்த மணி ஒன்றை எடுத்து நிறுத்தினால், 2.65 வர வேண்டிய இடத்தில் 2.4 வந்தது. மணியைக் கோத்த துளைக்குள் காற்று அடைபட்டிருந்ததுதான் காரணம். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கல் தன் பருமனுக்கு மேல் நீரை விலக்குகிறது, விடை குறைந்துபோகிறது. என் கல்லில் துளை இல்லை, ஆனால் பருத்தி நூல் இருந்தது. கைவிளக்கை மூடியின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, நூல் முடிச்சின் இழைகளுக்கிடையிலும் கல்லின் அடிப்பக்கத்துக் கூம்பிலும் வெள்ளிப் பொட்டுகள் போலக் காற்று ஒட்டியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

பருத்தி நூலை எறிந்துவிட்டு மெல்லிய தாமிரக் கம்பியைச் சுருட்டி ஒரு தொட்டில் செய்தேன். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு கலந்தேன். வெறுந்தொட்டிலை அதே ஆழத்துக்கு இறக்கித் தராசைப் பூஜ்ஜியமாக்கிய பிறகே கல்லை அதில் வைத்தேன். மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடுகிறது என்பதால் விசிறியை நிறுத்தி, வியர்வை மூடியில் சொட்டாமலிருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

முதல் கல் 0.412 கிராம், விலக்கிய நீர் 0.152. இரண்டாவது 0.386, விலக்கியது 0.143. வெதுவெதுப்பான நீரின் அடர்த்திக்காக 0.996 ஆல் பெருக்கினால் 2.70, 2.69, அதாவது அக்வாமரின். ஐந்து முறை எடுத்தும் இரண்டாம் தசமத்தில்தான் ஆட்டம் இருந்தது. மூன்றாவது கல்தான் வேடிக்கை: பார்வைக்குச் சற்றுச் சிறியது, எடையோ 0.451 கிராம், விலக்கிய நீர் 0.127 மட்டுமே. விடை 3.54, அதாவது டோபாஸ். சந்தையில் கிடைக்கும் நீல டோபாஸ் பெரும்பாலும் நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சூடாக்கி நிறமேற்றியது. விலையிலும் அக்வாமரினுக்குக் கீழே. வியாபாரியிடம் சொன்னபோது, அவர் சற்றும் தயங்காமல் வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தம்பி, எனக்கு வந்த பொட்டலத்திலேயே கலந்திருக்கும்" என்றார். நம்பினேன், அவர் முகத்திலும் என் அளவு வியப்பு இருந்தது.

காங்கேயத்தில் அக்வாமரின் தேடுவதில் எனக்கொரு தனிப் பெருமிதமும் உண்டு. அக்வாமரின் என்பது பெரில் கல்லின் நீல வகை, அருகிலுள்ள படியூரோ பழங்காலத்திலிருந்தே பெரிலுக்குப் பெயர் பெற்றது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் கல்மணிப் பட்டறைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பெரில் என்ற சொல்லே பிராகிருத வேளுரிய கிரேக்கத்துக்குப் போய் உருமாறியது என்கிறார்கள். அதே சொல்லின் வடமொழி வடிவமான வைடூரியத்தை நாம் இன்று பூனைக்கண் கல்லுக்குச் சொல்வதால் இந்த உறவு மறந்துபோயிற்று.

தோடு வேலை இன்னும் ஆசாரியிடம் போகவில்லை. அவர் வழக்கப்படி பின்புறம் மூடிக் கட்டலாம் என்கிறார். வெளிர்நிறக் கல்லுக்கு ஒளி பின்னாலிருந்தும் வர வேண்டும், மூடினால் தங்கையின் மாநிறக் கன்னத்தருகே அது சாம்பல் பூத்துத் தெரியும் என்பது என் கட்சி. ஓப்பன் செட்டிங், வெள்ளியில், என்று ஏறக்குறைய சம்மதிக்க வைத்திருக்கிறேன். இரண்டு கற்களுக்கும் எடையில் உள்ள 0.026 கிராம் வேறுபாடு காதில் தெரியாது என்றாலும், பெரியதைத் திருச்சியில் பட்டை தீட்டும் ஒருவரிடம் கொடுத்துச் சமப்படுத்தலாமா என்ற யோசனையும் ஓடுகிறது. டோபாஸை எனக்கே மோதிரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இதற்கிடையில் மூன்ஸ்டோன் என்று சொல்லித் தந்த ஒரு பால்நிறக் கல் மேசையில் காத்திருக்கிறது. ஓபலைட் என்ற கண்ணாடியாக இருக்குமோ என்று சந்தேகம். பழைய போலராய்டு குளிர்கண்ணாடியின் இரு வில்லைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து நடுவே கல்லைச் சுழற்றிப் பார்க்கப் போகிறேன். ஒரு வில்லை ஏற்கெனவே கழற்றும்போது விளிம்பில் விரிசல் விட்டுவிட்டது.