கவிதை நூல்களைத் தேர்வுக்குப் படித்தல்: வாசிப்புக் குறிப்பு விடையாகும் விதம்

இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு, இரண்டாம் தாளின் பாடத்திட்டம் ஒரு நிபந்தனையை வைக்கிறது. தேர்வர் மூலநூல்களை நேரடியாகப் படித்திருக்க வேண்டும் என்றும், அவருடைய திறனாய்வு ஆற்றலைச் சோதிக்கும் வகையில் வினாத்தாள் அமையும் என்றும் அது கூறுகிறது. பெரும்பாலான தேர்வர்கள் இந்த வரியைக் கடந்து நூற்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். பட்டியலிலிருந்து நேராக யாரோ எழுதிய சுருக்கக் குறிப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியை அப்படியே நம்பிப் படித்தவன் என்ற முறையில், கவிதைப் பகுதியை நான் படித்த விதத்தை இப்பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கவிதையைப் படிக்கும்போது நமக்குள் எழும் எதிர்வினையே திறனாய்வு விடையின் தொடக்கம் என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்த எதிர்வினை உரையைப் பார்ப்பதற்கு முன் எழுத்தில் பதிவாக வேண்டும். பதிவான பின் பாடலடிகளாலும் உரையாலும் சோதிக்கப்பட வேண்டும்.

குறுந்தொகையின் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரையிலான பாடல்கள், திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம், திருப்பாவை, பாரதியாரின் கண்ணன் பாட்டு, பாரதிதாசனின் குடும்ப விளக்கு, நா. காமராசனின் கறுப்பு மலர்கள் ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளன. திருக்குறளும் சிலம்பும் கம்பராமாயணமும் இவற்றோடு உண்டெனினும், அவற்றைப் படிக்கும் முறை வேறு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

குறுந்தொகையில் தொடங்குவது நல்லது. பாடல்கள் சிறியவை, ஒரு பாடலைப் பல முறை படித்த பிறகும் பொழுது மிச்சமிருக்கும். ஒவ்வொரு பாடலுக்கும் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களை ஒதுக்கினேன். இடப்பக்கத்தில் மூலத்தை என் கையால் எழுதி, அதன் கீழே படித்தவுடன் தோன்றியதை எழுதுவேன். வலப்பக்கம் உரையைப் படித்த பிறகு நிரம்பும். நான் பயன்படுத்தியது உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு. பாடலோடு அச்சாகும் துறைக் குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் யாரிடம் சொன்னது என்று கூறும் வரியை, முதல் வாசிப்பில் ஒரு தாளால் மறைத்துக்கொள்வது பயன் தரும், ஏனென்றால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பாடலடிகளிலிருந்தே ஊகிக்க முயலும்போதுதான் நாம் உண்மையில் படிக்கத் தொடங்குகிறோம்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பதினாறாம் பாடலைப் பாருங்கள்.

“உள்ளார் கொல்லோ தோழி கள்வர்
பொன்புனை பகழி செப்பங் கொண்மார்
உகிர்நுதி புரட்டும் ஓசை போலச்
செங்காற் பல்லி தன்றுணை பயிரும்
அங்காற் கள்ளியங் காடிறந் தோரே.”

துறைக் குறிப்பு இல்லாமல் படித்தால் இது அஞ்சும் ஒரு தலைவியின் குரலாகவே கேட்கிறது. கள்வர் அம்பை நகத்தில் புரட்டிக் கூர் பார்க்கும் ஓசை அவள் காதுக்குள் கேட்கிறது. அவர் நம்மை நினைக்க மாட்டாரோ என்று அவள் ஏங்குகிறாள். உரையைத் திறந்தால் நிலைமை மாறுகிறது. பேசுபவள் தோழி, பல்லி தன் துணையை அழைக்கும் ஒலியைக் கேட்டுத் தலைவன் உன்னை நினைத்துத் திரும்புவான் என்று அவள் தலைவியைத் தேற்றுகிறாள். முதல் எதிர்வினையை அடித்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆறுதல் சொல்ல வந்தவள் அந்த ஆறுதலுக்கே கள்வரின் அம்பை ஏன் உவமையாக எடுத்தாள் என்ற கேள்வி, முதலில் அச்சத்தை உணர்ந்தவருக்கே எழும். துணையை அழைக்கும் ஒலியும் கொலைக் கருவியின் ஒலியும் ஒன்றுபோல் இருக்கும் காட்டில்தான் தலைவன் போகிறான். தோழியின் தேறுதலுக்கு அடியில் அவளுடைய அச்சமும் இருக்கிறது என்று எழுதலாம். இந்த வாக்கியம் எந்தச் சுருக்கக் குறிப்பிலிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்ததால் கிடைத்தது.

எதிர்வினை என்பதற்காக “அருமை”, “நெஞ்சைத் தொட்டது” என்று எழுதி வைப்பதால் பயன் எதுவும் இல்லை. எந்த அடியில் நின்றேன், எது புரியவில்லை, எது தேவையில்லாத தகவல்போல் தோன்றியது என்ற மூன்றில் ஒன்றையாவது எழுத வேண்டும். மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் பலன் தருகிறது. கபிலரின் இருபத்தைந்தாம் பாடலில், தலைவன் தன்னை மணந்த வேளையில் வேறு யாரும் இல்லை, ஒரு குருகு மட்டுமே இருந்தது என்று சொல்லும் தலைவி, “தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால” என்று அந்தப் பறவையின் காலையும் வருணிக்கிறாள். சாட்சி இல்லை என்று வருந்துகிறவளுக்குப் பறவையின் கால் எதற்கு? ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்து நின்ற குருகு சாட்சி சொல்லாது என்பதை உரைகள் விளக்குகின்றன. கால் பற்றிய அடி எனக்கு வேறொன்றையும் சொல்லியது: அவள் பார்வை அப்போது நிலம் நோக்கித் தாழ்ந்திருந்தது, அந்தப் பொழுதின் சிறு விவரமும் அவள் நினைவிலிருந்து கலையவில்லை. கருத்து என்னுடையது; அதற்குச் சான்று பாடலில் இருக்கிறது. தேர்வில் இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் போதும்.

தொகை நூலைத் தனிப்பாடல்களின் குவியலாகப் படிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. புறநானூற்றுப் பகுதியில் இது தெளிவாகத் தெரியும். பாடத்திட்டத்தில் உள்ள பாடல்களில் பல பொதுவியல் திணையில் பொருண்மொழிக் காஞ்சித் துறையைச் சேர்ந்தவை. வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பேசுபவை. 192, 193, 194 ஆகிய மூன்றையும் ஒரே அமர்வில் படியுங்கள். கணியன் பூங்குன்றனார், நீரின் போக்கில் செல்லும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிர் முறைவழியே செல்லும் என்று தெளிந்து, பெரியோரை வியக்கவும் சிறியோரை இகழவும் மறுக்கிறார். அடுத்த பாடலில் ஓரேருழவர், நீண்ட வெண்களரில் ஒருவன் துரத்தும் மான்போல ஓடிப் பிழைக்கலாம்தான், “ஒக்கல் வாழ்க்கை தட்குமா காலே” என்கிறார்; சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைத் தடுக்கிறது. அதற்கடுத்துப் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுக்கான நெய்தற் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவனைப் பண்பிலாளன் என்றே சொல்லிவிட்டு, “இன்னா தம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே” என்று முடிக்கிறார். மேடைகளில் முதல் அடிக்காக மட்டுமே மேற்கோளாகும் 192ஆம் பாடல், 193ஐ அருகில் வைத்தவுடன் வேறு பாடலாகிறது. புணைக்குக் கால் இல்லை, அதைத் தளைக்க எதுவும் இல்லை. மானுக்குக் கால் இருக்கிறது, அதுதான் தளைபடுகிறது. தொகுத்தவர் இந்த விவாதத்தைக் கருதித்தான் இப்படி அடுக்கினார் என்று விடையில் எழுதாதீர்கள், அதற்குச் சான்று இல்லை. “அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது” என்று தொடங்கினால் கருத்தும் நிற்கும், எச்சரிக்கையும் தெரியும்.

இரண்டு தொகைகளுக்கும் இடையிலும் இப்படிப் பாலம் போடலாம். பாடத்திட்டத்தின் எல்லைக்குள்ளேயே நரிவெரூஉத்தலையார் குறுந்தொகையில் ஐந்தாம் பாடலையும் புறநானூற்றில் 195ஐயும் பாடியிருக்கிறார். பெரும்பதுமனாருக்குக் குறுந்தொகையில் ஏழும் புறநானூற்றில் 199ம் உள்ளன. ஔவையாருக்கும் கபிலருக்கும் இரு தொகைகளிலும் பாடல்கள் இருக்கின்றன. ஒரே பெயர் என்பதால் ஒரே புலவர் என்று எப்போதும் உறுதி சொல்ல முடியாது என்பதை மறக்காமல், இந்தப் பாடல்களை இணைத்துப் படித்துக் குறிப்பெழுதினேன். அவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது கபிலர் தொடர்பான குறிப்பு. குறுந்தொகை 18இல், இரவுக்குறிக்கு, அதாவது இரவில் தலைவியைச் சந்திக்கும் இடத்துக்கு, வந்து திரும்பும் தலைவனிடம் தோழி மணத்தை வலியுறுத்தும்போது, சிறிய கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதைப் போல “இவள் உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே” என்கிறாள். புறநானூறு 200இல், பாரி இறந்த பின் அவன் மகளிரை மணந்துகொள்ளும்படி விச்சிக்கோன் என்னும் மன்னனிடம் கேட்கும் கபிலர், பலாக்கனியைத் தின்ற ஆண்குரங்கான கடுவன் பெண்குரங்கான மந்தியோடு மூங்கில் உச்சியில் துயிலும் மலைக்கு உரியவனே என்று அவனை அழைக்கிறார். இரண்டு இடத்திலும் பலா; இரண்டு இடத்திலும் ஒரு பெண்ணின் மணத்துக்காக வேறொருவர் பேசுகிறார். முதலாவதில் அது புனைவின் கூற்று, இரண்டாவதில் புலவரே தோழியின் இடத்தில் நிற்கிறார். அகமும் புறமும் சந்திக்கும் இடங்களைப் பற்றி வினா வந்தால், தொல்காப்பியத்திலிருந்து தொடங்கும் வழக்கமான விடைக்கு இந்த இணைப்பு உயிர் கொடுக்கும்.

பக்திப் பனுவல்கள் இரண்டுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீத்தல் விண்ணப்பத்தின் ஐம்பது பாடல்களையும் ஒரே மூச்சில் வாய்விட்டுப் படியுங்கள். “விட்டிடுதி கண்டாய்” என்பது திரும்பத் திரும்ப வரும்போது ஏற்படும் சலிப்பையும் குறித்துக்கொண்டு, எந்தப் பாடலில் அந்தச் சலிப்பு நீங்குகிறது என்று பாருங்கள். திருப்பாவையை அதே வழியில் படிக்கலாம்.

நவீனக் கவிதைக்கு வரும்போது சிக்கல் தலைகீழாகிறது. சங்கப் பாடலில் சொற்பொருள் தடுக்கிறது. இங்கே எல்லாம் புரிந்துவிடுவதால் நிற்காமல் ஓடிவிடுகிறோம். கண்ணன் பாட்டின் முதற்பதிப்பைப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் கொண்டுவந்தார். 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வ. வே. சு. ஐயர் எழுதிய முன்னுரையை, உங்கள் குறிப்பை எழுதி முடித்த பிறகே படியுங்கள். “கண்ணன் – என் சேவகன்” பாடலில் நான் நின்ற இடம் தொடக்கம். “கூலி மிகக்கேட்பார் கொடுத்ததெல்லாந் தாமறப்பார்” என்று வேலையாட்களைப் பற்றி அலுத்துக்கொள்ளும் ஒரு குடும்பத் தலைவனின் குரல் அது. அந்த அலுப்புக்குள்தான் “காதல் பெரிதெனக்குக் காசுபெரி தில்லை” என்று கண்ணன் நுழைகிறான். இறைவனைத் தொண்டனாக்கியது புரட்சி என்று விடைகளில் எழுதுகிறார்கள். புலம்பும் முதலாளியின் வாயிலிருந்து பக்தியைப் பேசவைத்த நகைச்சுவையையும் சேர்த்து எழுதினால் விடை பாடலுக்கு அருகில் வரும்.

குடும்ப விளக்கில் உடன்பாடின்மையை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். “கல்வியில் லாத பெண்கள் களர்நிலம்” என்று தொடங்கி, அந்நிலத்தில் நல்ல புதல்வர் விளையமாட்டார்கள் என்று பாரதிதாசன் வாதிடும் இடம் இன்றைய வாசகருக்கு, குறிப்பாகப் பெண் வாசகருக்கு, உறுத்தும். பெண் கல்விக்கான நியாயம் அவள் பெறும் மக்களை வைத்தே சொல்லப்படுகிறது. இந்த உறுத்தலை மறைத்துப் பாராட்டுரை எழுதுவதும், நூலையே தள்ளிவிடுவதும் எளிது. 1940களில் பெண்ணைப் படிக்கவைக்கத் தயங்கிய குடும்பத் தலைவர்களை இசையவைக்க எடுத்த வாதம் இது என்பதையும் சொல்லி, அதன் எல்லையையும் சொல்லி, பிறகு அதே நூலின் ஐந்தாம் பகுதியான முதியோர் காதலுக்குப் போகலாம். காய்ந்த புற்கட்டாகிவிட்ட மனைவியின் உடலைப் பார்க்கும் கிழவர், தமக்கு எது இன்பம் தருகிறது என்று கேட்டு, “‘இருக்கின்றாள்’ என்ப தொன்றே!” என்கிறார். இங்கே அவளிடம் எந்தப் பயனும் எதிர்பார்க்கப்படவில்லை. ஒரே நூலுக்குள் கவிஞர் தம் வாதத்தைத் தாமே கடந்து செல்வதாக நான் படித்தேன். ஏற்காதவர்கள் இருக்கலாம், மறுப்பதற்கும் அடிகள் நூலிலேயே உண்டு.

1971இல் வந்த கறுப்பு மலர்கள் பலருக்கும் கடினமாக இருப்பதற்குக் காரணம், சாய்ந்துகொள்ள உரை இல்லாததுதான். சமூகம் ஒதுக்கிவைத்தவர்களைப் பற்றிய கவிதைகள் அதில் உள்ளன. அவர்கள்மீது நமக்கு எழும் இரக்கத்தையே கவிதையின் சிறப்பாக எழுதிவிடும் ஆபத்து இங்கே அதிகம். இரக்கம் பொருளால் வந்ததா, படிமத்தால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். படிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று மறைக்கும் கவிதைகளும் அத்தொகுப்பில் உண்டு என்பது என் கணிப்பு. அதையும் விடையில் மென்மையாகச் சொல்லலாம்.

தேர்வறையில் கணக்கு கடுமையானது. மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். 150 சொற்களுக்குள் எழுத வேண்டிய பத்து மதிப்பெண் வினாவுக்கு ஏழு நிமிடம்தான் கிடைக்கும். அந்தச் சிற்றளவில் “நான்”, “எனக்கு” என்ற சொற்களுக்கு இடமில்லை. இருபத்தைந்தாம் பாடலுக்கான குறிப்பு விடையில் இப்படி மாறும்: “வரைவு நீட்டித்தவிடத்துத் தலைவி கூறும் இப்பாடலில், குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமையாவது வெறும் வருணனையன்று, பேச இயலாத சாட்சியின் உருவம் தலைவியின் நினைவில் எவ்வளவு துல்லியமாகப் பதிந்துள்ளது என்பதை அது காட்டுகிறது.” கூற்றும் துறையும் முதலில், அடி அடுத்து, கருத்து கடைசியில். பாடல் முழுவதையும் மனப்பாடம் செய்ய இயலாவிட்டாலும், ஒவ்வொரு பாடலிலும் உங்கள் கருத்தைத் தாங்கும் ஓரிரு அடிகளைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சான்றில்லாத கருத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் வலப்பக்கத்திலேயே அடித்துவிடுங்கள்.

எல்லாப் பாடலும் நம்மிடம் பேசிவிடாது. குறுந்தொகையின் முதற்பாடல் எனக்கு அப்படிப்பட்டது. தலைவன் தரும் காந்தட் பூவை, எங்கள் மலையிலும் அது இருக்கிறது என்று தோழி மறுக்கும் கருத்தைத் தாண்டி எதுவும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட பாடல்களுக்கு உணர்ச்சியை வருவிக்க முயலாமல், கண்ணில் படுவதை மட்டும் எழுதினேன். செங்களம், செங்கோல் அம்பு, செங்கோட்டு யானை, கடைசியில் குருதிப் பூ. நான்கு அடிகளுக்குள் சிவப்பு நான்கு முறை வருகிறது, போர்க்களத்தில் தொடங்கி மலைச்சரிவின் பூவில் வந்து நிற்கிறது. பத்து மதிப்பெண் விடைக்கு அந்தக் குறிப்பு போதுமானதாக இருந்தது.