பெட்டி பிரிக்காத எஞ்சினும் 0.3 மில்லிமீட்டரும்

நேற்று இரவு பதினோரு மணிக்கு என் மாதிரி ரயில் பலகையில் ஜே72 என்ற சிறிய பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் மாதிரி ஓடிவிட்டது. 2.4 மீட்டர் பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 1 நிமிடம் 50 விநாடியில் கடந்தது. நடுவில் நிற்கவில்லை, நொண்டவில்லை. 1:76 அளவுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 6 கிலோமீட்டர் வருகிறது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தள்ளும் எஞ்சினுக்கு அதுதான் வேகம். இந்த ஓர் ஓட்டத்துக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதில் நான்கு வாரம் ஒரே ஒரு சக்கர அச்சோடு போயிற்று. இதே வகை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அந்த நான்கு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜே72ஐயும் சேர்த்து மூன்று மாதிரி எஞ்சின்களைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கடையை மூடப்போகிற ஒருவரிடம் வாங்கினேன். மூன்றுக்கும் சேர்த்து 2,400 ராண்ட். விற்காமல் தங்கிப்போன சரக்கு, ஒருமுறைகூட ஓட்டப்படாதவை. அதை அவர் சொன்னதற்காக நம்பவில்லை. உருப்பெருக்கியை வைத்துச் சக்கரத்தின் ஓடுபரப்பைப் பார்த்தேன். தண்டவாளத்தில் ஒரு சுற்றுப் போயிருந்தாலும் முலாமில் மெல்லிய கோடு விழுந்திருக்கும். இவற்றில் ஒரு கோடுகூட இல்லை. அவர் சொன்னது முழு உண்மை.

ஆனால் "ஓட்டப்படாதது" என்ற சொல்லுக்காக அதிக விலை கொடுக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் எண்ணெய் நகர்ந்துகொண்டே இருக்கும்; யாராவது அவ்வப்போது துடைத்து, புதிதாக ஒரு சொட்டு விட்டிருப்பார்கள். பெட்டியிலேயே கிடந்த எஞ்சினில் கிரீஸ் மெழுகாகிவிடுகிறது. ஜே72இன் திருகுக் கியரைச் சுற்றியிருந்த கிரீஸைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன், பிறகுதான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேலை செய்தது. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். உலோக அச்சை இறுகப் பிடித்தபடி முப்பது ஆண்டுகள் சும்மா இருந்தாலும் அது உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் நீளவாக்கில் வெடித்துவிடுகிறது.

மூன்றில் மிகப் பழையது டிரையாங் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த ஜின்டி என்ற சிறிய எஞ்சின். அதற்கு இந்த நோய் எதுவும் இல்லை. அதன் எக்ஸ்04 மோட்டாரில் மின்சாரம் வாங்கிச் சுழலும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரைத் துடைத்து, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். பத்து நிமிடத்தில் பலகையைச் சுற்றி வந்தது. திறந்த மோட்டார், பித்தளைக் கியர், கெட்டியான வார்ப்பு. கையில் எடுத்தாலே மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

டர்பனில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் டேங்க் எஞ்சின்களை (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடலிலேயே சுமக்கும் எஞ்சின்களை) ஏன் வாங்குகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் லேஅவுட்டின் கற்பனை அதில்தான் இருக்கிறது. டர்பன் அடங்கிய நேட்டாலின் முதல் ரயில் 1860 ஜூன் 26 அன்று பாயிண்ட் துறைமுகத்திலிருந்து ஊர்ச் சந்தைவரை ஓடியது. அந்தப் பாதை 1435 மி.மீ. அகலம், இங்கிலாந்தில் உள்ள அதே அகலம். 1870களில்தான் 1067 மி.மீ. கேப் அகலத்துக்கு மாறினார்கள். மாறாமலே இருந்திருந்தால்? பாயிண்டில் இங்கிலாந்தின் டேங்க் எஞ்சின்களே பெட்டி தள்ளிக்கொண்டிருந்திருக்கும். அந்த "இருந்திருந்தால்" என்பதைத்தான் கராஜில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதே 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டுரூரோ கப்பல் நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே துறைமுகத்தில்தான். பலகையின் இடது ஓரத்தில் அந்தக் கரைக்கு 40 சென்டிமீட்டர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அங்கே இன்னும் எதுவும் கட்டவில்லை. அவசரப்பட மனம் வரவில்லை.

இந்தக் கற்பனைக்கு ஜே72 மிகவும் பொருத்தம். 1898இல் வரைந்த வடிவத்தை 1951வரை, பெரிய மாற்றம் இல்லாமல், மொத்தம் 113 கட்டினார்கள். ஒரு துறைமுக எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

இனி அந்த அச்சு. என்னிடம் இருப்பது 1990களின் முற்பகுதியில் செய்த மாதிரி. சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இடம், வலம் என்று இரண்டாகப் பிளந்த வகை. ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். அதனால் அச்சு முழுநீள இரும்பாக இருக்க முடியாது. இரண்டு அரை அச்சுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழல் கோத்துப் பிடிக்கிறது. மூன்று அச்சுக்கு மூன்று குழல்; ஒன்றில் கியரும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. முதல்முறை மின்சாரம் கொடுத்தபோது எஞ்சின் ஒரு சாண் போய் இறுகி நின்றது. அடித்தட்டைக் கழற்றினேன். மூன்று குழல்களிலும் மயிரிழை வெடிப்பு. குழல் பிடியை விட்டதும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நழுவியிருக்கிறது, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு பூட்டிக்கொண்டது. மோட்டாருக்கு எந்தக் குறையும் இல்லை.

முதலில் ஒட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய்ப் பசை உள்ள அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒட்டாது. பித்தளை வளையம் மாட்டலாமா என்று யோசித்தேன். அது சேசிஸின் இரண்டு பாதிகளையும் தொட்டால் அப்போதே ஷார்ட் ஆகிவிடும். கியர் உள்ள குழலை இங்கிலாந்தில் உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். சாதாரணக் குழல்கள் இரண்டையும் பீனிக்ஸில் இருக்கும் மாமா தன் சின்ன லேத்தில் அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தண்டிலிருந்து கடைந்து கொடுத்தார். அச்சைவிட 0.05 மி.மீ. சிறிய துளை. கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் கையாலேயே அழுத்திப் பொருத்திவிடலாம். ஆறியபின் இரும்புப் பிடி. மாமா நாற்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். அவர் கடைந்த குழலின் பளபளப்பைப் பார்த்தால் அதை எஞ்சினுக்குள் ஒளித்து வைக்க மனம் வராது.

அதன்பின் கால் சுற்று வைக்கும் வேலை. இணைப்புத் தண்டு மாட்டும் கிராங்க் முளை சக்கரத்தில் இருக்கிறது; வலப்பக்க முளை இடப்பக்கத்தைவிட 90 பாகை முந்தியிருக்க வேண்டும், மூன்று அச்சிலும். நான் தேக்குக் கட்டையில் பள்ளம் செதுக்கி, அச்சை அதில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் சிறிய மூலைமட்டங்களைத் திருகிவிட்டேன். இடது முளை நிற்கும் விளிம்பில் சாயும். வலது முளை கிடைவிளிம்பின் மேல் உட்காரும். சக்கரங்களுக்கு நடுவே 14.5 மி.மீ. வைத்துக் குழலில் அழுத்தினால் வேலை முடிந்தது. சாதாரணக் குழல் உள்ள இரண்டு அச்சுகளும் முதல் முயற்சியிலேயே தண்டோடு வெண்ணெய்போல் சுழன்றன. கியர் உள்ளதைச் சேர்த்ததும் எஞ்சின் நொண்டியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், ஒரே இழுப்பு.

குறை கியர்க் குழலில்தான் என்று முடிவு செய்தேன். இரண்டாவது குழலுக்கு எழுதி, காத்திருந்து, 15 சதவீத வாட் வரியும் கூரியர் கட்டணமும் கட்டி வாங்கினேன். பொருளைவிடக் கூரியர் மூன்று மடங்கு. புதியதும் அதே இடத்தில் நொண்டியது. இணைப்புத் தண்டின் துளைகளை அகலப்படுத்தலாம் என்று ஊசி அரத்தைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளையாக அன்று மாமா வந்திருந்தார்.

"தம்பி, தண்டைத் தொடாதே. மற்ற இரண்டு அச்சுக்கும் ஒத்துழைக்கிற தண்டு இதற்கு மட்டும் ஏன் கெட்டதாக இருக்கும்? கட்டையில் அச்சு படுக்கிறதா, மிதக்கிறதா, அதைப் பார்" என்றார்.

பார்த்தேன். கியரின் பற்களுக்காகப் பள்ளத்தின் நடுவில் நான் செதுக்கிய குழி ஆழம் போதவில்லை. பல் அடியைத் தொட்டு, அச்சைத் தூக்கிக்கொண்டிருந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் 0.3 மி.மீ. காட்டியது. நிற்கும் விளிம்பில் சாயும் முளைக்கு இதனால் கேடில்லை. அச்சு மேலே ஏறினாலும் அது பக்கவாட்டில் நகராது. கிடைவிளிம்பில் உட்காரும் முளைக்கோ, அச்சு ஏறிய அளவுக்கு முளை கீழே தங்கிவிடும். அச்சிலிருந்து முளைக்கு ஏறத்தாழ 3.5 மி.மீ. தூரம். அந்தத் தூரத்தில் 0.3 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 5 பாகை! இரண்டு அச்சு 90இல் இருக்க, இது மட்டும் 85இல் இருந்திருக்கிறது.

கட்டையின் மூலைமட்டமே ஓரிரு பாகை தவறாக இருந்திருந்தாலும் எஞ்சின் ஓடியிருக்கும் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். மூன்று அச்சும் 88 என்றால் மூன்றும் 88 ஆகவே சேர்ந்து சுழலும். 90 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மட்டங்களை நான்கு இரவு சரிபார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி படுக்கின்றனவா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குழியை இன்னும் ஒரு மில்லிமீட்டர் செதுக்கினேன். கியர் அச்சைப் பிரித்து, வெந்நீரில் போட்டு, மறுபடி அழுத்தினேன். அரை மணி நேரத்தில் ஓடியது.

இதுவரை சேசிஸ் மட்டும்தான் ஓடியிருக்கிறது. உடல் இன்னும் மேசையில் இருக்கிறது. பெட்டியில் வைத்திருந்த நுரைப்பஞ்சு இற்றுப்போய், டேங்கின் ஒரு பக்கத்தில் பழுப்புப் பசையாக ஒட்டியிருக்கிறது. ஆல்கஹால் வைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பஞ்சு முனை, பொறுமை. இப்போதைக்கு இந்த வழியில் போகிறேன். பழைய பெட்டி வாங்குபவர்கள் அந்த நுரையை வாங்கிய அன்றே எடுத்து எறிந்துவிடுங்கள். அமிலம் இல்லாத டிஷ்யூ காகிதம் பூக்கடையில்கூடக் கிடைக்கிறது.

டர்பன் காற்றில் உப்பு அதிகம். நிக்கல் சில்வர் தண்டவாளம் வாரத்தில் மங்கிவிடுகிறது. பிளந்த சேசிஸில் மின்சாரம் அச்சு வழியாகவே போவதால், அச்சு உட்காரும் துளைகளையும் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். அதற்கு அடித்தட்டைக் கழற்றினால் போதும், கால் சுற்றைத் தொட வேண்டியதில்லை.

அடுத்ததாக 19டி என்ற தென்னாப்பிரிக்க நீராவி எஞ்சின் ஒன்றைக் கட்டும் ஆசை இருக்கிறது. 1937 முதல் 1949 வரை 235 வந்த எஞ்சின். நம் நாட்டுக் கிளைப்பாதைகளின் உழைப்பாளி. ஆனால் 16.5 மி.மீ. பாதையில் 1:87 அளவில் கட்டினால் பாதை 4 மி.மீ.க்கும் மேல் அகலமாகிவிடும். அந்த 4 மி.மீ. என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அதே பாதையில் 1:64 அளவில் கட்டினால் கேப் அகலம் ஏறக்குறைய சரியாக வருகிறது. அப்படியென்றால் கட்டடம், பெட்டி, மனிதர் எல்லாம் புதிதாக வேண்டும். பாயிண்ட் பலகையில் அதற்கு இடமில்லை. மாமா கொதிகலனைக் கடைந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார், அதனால் மனம் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாவது எஞ்சின் டெண்டரில் (பின்னால் இழுத்துவரும் நிலக்கரி, தண்ணீர் வண்டியில்) மோட்டார் வைத்த பெரிய 4-6-2 சக்கர அமைப்பு. அதன் ரப்பர் டயர்கள் நகம் பட்டாலே உதிர்கின்றன. மின்சாரக் கம்பியை அதன் அருகே கொண்டுபோகவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை டெண்டரின் திருகுகளைக் கழற்றி, கிரீஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கப்போகிறேன்.